தெருவில் ஒரு துண்டை அடுக்ககத்துக்காக மூடலாமா? வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்தோரு வருடம் ராயபுரத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிரயம், தானம், பாகப்பிரிவினை, அடமானம் எதுவானாலும் கடைசியில் செக்குபந்தி, அதாவது சொத்தின் நான்கு எல்லை, எழுதித்தான் முடிப்போம். வடக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுத் தெரு, கிழக்கே 12 அடிச் சந்து. அப்படி நானே பல பத்திரங்களில் எழுதிய ஒரு 12 அடிச் சந்தின் நடுவில் ஒரு நாள் காலையில் தகரத் தடுப்பு நின்றது. இரண்டு பக்கமும் இருந்த பழைய கிடங்குகளை ஒரே கட்டுமான நிறுவனம் வாங்கியிருந்தது. நடுவே ஓடிய சந்தில் 60 அடி நீளத்தையும் மனையோடு சேர்த்து அடுக்ககம் கட்டுவது அவர்கள் திட்டம்.

அன்றிலிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று போகும்போது வக்கீலைப் பாருங்கள். ஆனால் அவர் முன்னால் வெறுங்கையோடு போய் உட்காராமல் இருக்க இது உதவும்.

எங்கள் சந்து யாருக்குச் சொந்தம்? மாநகராட்சிக்கா, அரசுக்கா, பக்கத்து மனைக்காரருக்கா?

மூன்றுமே நடக்கும். அதனால் முதலில் உங்கள் சந்து எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வருவாய்ப் பதிவேட்டில் 'சாலை', 'பாதை', 'ரஸ்தா' அல்லது 'புறம்போக்கு' என்று இருந்தால் நிலம் அரசுடையது, தெருவாகப் பராமரிப்பது மாநகராட்சி. மனைப்பிரிவு போட்டபோது விடப்பட்ட பாதையாக இருந்தால், மனை விற்றவர் அதைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு அவருடைய பேரனோ, பேரனிடம் வாங்கியவரோ அதில் பங்கு கேட்க முடியாது. மூன்றாவது, தனியார் நிலத்தின் மேல் காலங்காலமாக ஊரே நடந்து பொதுத் தெருவானது. ஜார்ஜ் டவுனிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இந்த வகை நிறைய.

இந்த மூன்றாவது வகையில்தான் குழப்பம் வரும். 'அடியில் இருக்கும் மண் எங்களுடையது' என்பார்கள். 1965-இல் உச்ச நீதிமன்றம் மங்களூர் நகராட்சி வழக்கில் (இது அப்போது உத்தரப் பிரதேசத்தில் இருந்த, இப்போது உத்தராகண்டில் இருக்கும் மங்களூர், கர்நாடகத்து ஊர் இல்லை) இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. பொதுத் தெரு நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்றால், தெருவாகப் பயன்படுத்தத் தேவையான மேற்பரப்பும், அதற்கு வேண்டிய அளவு மேலும் கீழும் அதனிடம் இருக்கின்றன. மண் வேறொருவருடையதாகவே இருக்கலாம். ஆனால் மண் அவருடையது என்பதற்காக மக்கள் நடக்கும் உரிமையை அவர் பிடுங்கிக்கொள்ள முடியாது. எதிர்த்தரப்பு பத்திரத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் இது நினைவில் இருக்கட்டும். பத்திரம் உண்மையானதாகவே இருந்தாலும் அது பாதையை மூடும் அதிகாரத்தைத் தந்துவிடாது.

அறுபது அடிதானே சார்? சுத்திப் போனா ரெண்டு நிமிஷம். இதுக்கு ஏன் இவ்வளவு கலாட்டா?

இதைக் கேட்டது எங்கள் தெருப் பையன்தான். பைக்கில் போகிறவனுக்கு இரண்டு நிமிடம். எழுபது வயது அம்மா குடத்தோடு சுற்றினால் எவ்வளவு நேரம்?

நடக்கிறவர்களை விட்டுவிடுங்கள். நம் பக்கத்துச் சந்து ஒன்று என்னென்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். தண்ணீர் லாரி ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறுகிறது. நடுவில் மூடினால் அது பின்னால் நகர்ந்தே வெளியே வர வேண்டும், பெரிய லாரி டிரைவர் உள்ளே வரவே மாட்டார். கழிவுநீர் அடைத்தால் வரும் ஜெட் ராடிங் வண்டிக்கும் இதே கதை. 108 வண்டிக்கும், தீயணைப்பு வண்டிக்கும் இரண்டு வழி இருந்த இடத்தில் ஒரு வழிதான் மிஞ்சும். அந்த ஒரு வழியில் ஒரு மினி லாரி நின்றிருந்தால் முடிந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதும், சாவு வீட்டுக்குப் பந்தல் போடுவதும், பையன்கள் விளக்குக் கம்பத்தடியில் கேரம் ஆடுவதும் அங்கேதான். வீட்டுக்குள் இடமில்லாத ஊரில் சந்துதான் கூடம்.

இன்னொன்று மழை. தரை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் சந்து வழியாகவே ஓடி கால்வாயையோ மழைநீர் வடிகாலையோ சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதியில் எத்தனை தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு சந்தின் குறுக்கே அஸ்திவாரத்தோடு மதில் எழும்பினால் அது அணைதான்.

பில்டருக்கு அந்தச் சின்னத் துண்டு ஏன் அவ்வளவு முக்கியம்?

இது புரிந்தால்தான் நீங்கள் எதிராளியோடு சரியாகப் பேச முடியும். எங்கள் சந்தின் அளவையே எடுத்துக்கொள்வோம்: 60 அடி நீளம், 12 அடி அகலம், ஆக 720 சதுர அடி. மூன்றில் ஒரு கிரவுண்டுகூட இல்லை. ஆனால் 18 மீட்டர் அகலச் சாலையை ஒட்டிய உயரமான கட்டடத்துக்கு மனைப் பரப்பில் 3.25 மடங்கு வரை தளப்பரப்பு கிடைக்கிறது. 720-ஐ 3.25-ஆல் பெருக்கினால் 2,340 சதுர அடி. இரண்டு, மூன்று வீடு விற்கலாம்.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயரமான கட்டடம். 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும். நடுவில் சந்து இருந்தால் இரண்டும் தனித்தனி மனை. சந்தின் இந்தப் பக்கம் 7 மீட்டர், அந்தப் பக்கம் 7 மீட்டர், நடுவே சந்து. கிட்டத்தட்ட 58 அடி அகலத்துக்குக் கட்டடம் எழுப்ப முடியாது. சந்து மறைந்தால் இரண்டும் ஒரே மனை, அந்த 58 அடியும் நடுக்கட்டடமாகிவிடும். அவர்கள் துரத்துவது 720 சதுர அடியை மட்டும் என்று நினைத்து நாம் பேரம் பேசினால் ஏமாந்துபோவோம்.

இதே சேர்க்கையால் அவர்களுக்கு ஒரு சுமையும் வரும். மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம், அதற்கு மேல் நிலமாகவே தானம் கொடுக்க வேண்டும். எனவே சேர்ந்த மனையின் மொத்தப் பரப்பு என்ன, திறந்தவெளி எங்கே என்று கேளுங்கள். பல நேரங்களில் பேச்சுக்கு அங்கேதான் ஒரு கதவு திறக்கிறது.

"பிளான் பாஸ் ஆயிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது"ங்கிறாங்களே?

பிளான் பாஸ் ஆவது வேறு, தெரு மூடப்படுவது வேறு. திட்ட அனுமதி கொடுப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. சின்னக் கட்டடமாக இருந்தால் மாநகராட்சியே கொடுக்கும். அந்த அனுமதி நிலத்தின் உரிமையை யாருக்கும் தருவதில்லை, அனுமதிக் கடிதத்திலேயே இது நிபந்தனையாக இருக்கும். விண்ணப்பதாரர் கொடுத்த வரைபடத்தில் சந்து காட்டப்படவில்லை என்றால், காட்டாமல் விட்டது யார் என்பதுதான் கேள்வி. சந்து இல்லாமல் போய்விடவில்லை.

தெருவை நிரந்தரமாக மூடுவதற்குத் தனி வழி. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் இதற்கு மாமன்றத்தின் தனி ஒப்புதலும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும் என்று வைத்திருந்தது. மூடிய இடத்தை மாநகராட்சி விற்கலாம், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. 2023 ஏப்ரலில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் வந்துவிட்டது. ஆகவே யாராவது 'ஆர்டர் இருக்கு' என்றால் மூன்று விவரம் கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தத் தேதியின் மன்றத் தீர்மானம், எந்த எண்ணுள்ள அரசாணை. வார்டு அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னது, உதவிப் பொறியாளர் தலையசைத்தது எதுவும் இதற்கு ஈடாகாது. கவுன்சிலர் ஒருவரால் தெருவைக் கொடுக்கவும் முடியாது.

நிலம் சாலைப் புறம்போக்காக இருந்தால் இன்னொரு படி உண்டு. அந்த வகைப்பாட்டை மாற்றுவதும் அரசு நிலத்தைத் தனியாருக்குக் கொடுப்பதும் வருவாய்த் துறை வழியாகப் போக வேண்டிய வேலை. பழைய விரிவான வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் தெரு ஒரு சாலையாகக் காட்டப்பட்டிருந்தால் அந்தத் திட்டத்திலும் திருத்தம் வேண்டும், அதற்கு முன் பொது அறிவிப்பு வர வேண்டும்.

வேலை முடியற வரைக்கும் மட்டும் மூடறோம்னு சொன்னா?

நியாயமான காரணத்துக்குத் தற்காலிகமாக மூடலாம். அஸ்திவாரத்துக்குப் பைல் தூண் இறக்கும்போதும் கிரேன் நிற்கும்போதும் கீழே ஆள் நடந்தால் ஆபத்து. ஆனால் எந்த நாள் முதல் எந்த நாள் வரை, மாற்று வழி எது, மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல் துறையும் கொடுத்த அனுமதி எங்கே என்று பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தேதி இல்லாத தற்காலிகம் பல வருடம் ஓடும். தகரத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மாடியிலிருந்து மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? எங்களுக்கு யாரும் நோட்டீஸ் தரவில்லை.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டி விற்பவர் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த திட்டத்தின் விவரங்களைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அனுமதிக்கப்பட்ட மனை வரைபடத்தில் உங்கள் சந்து இருக்கிறதா, இருந்தால் அதற்கு என்ன பெயர் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'உள்சாலை' என்று எழுதியிருந்தால் விழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மண்டல அலுவலகம், சி.எம்.டி.ஏ., வட்டாட்சியர் அலுவலகம் மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். 'ஏன் மூடினீர்கள்' என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். 'இன்ன தெருவை மூடக் கோரி வந்த விண்ணப்பம், அதன் மேலான கோப்புக் குறிப்புகள், மன்றத் தீர்மானம் ஆகியவற்றின் நகல் வேண்டும்' என்று ஆவணத்தைக் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய ஆதாரம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத குறையாகப் பத்திரப்படுத்துங்கள்.

வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போங்கள். நாலு பேர் எழுந்து கேட்டால் கேள்வி குறிப்பேட்டில் ஏறும்.

சந்து பொது வழி என்று நிரூபிக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

உங்கள் கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதிய இடத்துக்குப் போங்கள். நான்கு எல்லையில் ஒன்றாகச் சந்து வந்திருக்கும். அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்திலும் பாருங்கள். சந்தில் இருபது வீடு இருந்தால் இருபது பத்திரம், ஒவ்வொன்றும் வேறு வேறு வருடம், வேறு வேறு எழுத்தர், எழுதிய யாருக்கும் இந்த வழக்கு வரும் என்று தெரியாது. எல்லாவற்றிலும் 'பொதுச் சந்து' என்று இருந்தால் அதைத் தள்ளுவது கடினம். இதைவிட முக்கியம், பில்டர் வாங்கிய கிடங்கின் பத்திரம். அவருக்கு விற்றவர், அவருக்கு முன் விற்றவர் எல்லோரும் செக்குபந்தியில் சந்தை எல்லையாகக் காட்டியிருப்பார்கள். தன் எல்லை சந்தோடு முடிகிறது என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டவர் சந்தும் என்னுடையது என்று சொல்ல முடியாது. அளவும் எல்லையும் முரண்பட்டால் எல்லையைத்தான் நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பத்திரம் அவர்களிடம்தானே இருக்கிறது என்கிறீர்களா? வில்லங்கச் சான்று போடுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதல் உள்ளது கிடைக்கும். அதிலேயே பத்திர எண்ணும் எல்லை விவரமும் வரும். எண் கிடைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அடுத்தவர் பத்திரத்தின் நகல் கேட்பது தப்பு என்று பலர் தயங்குகிறார்கள். கிரயப் பத்திரம் பதிவான ஆவணம், விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் கிடைக்கும்.

பிறகு வருவாய் ஆவணம். சென்னைக்குள் நகர நில அளவைப் பதிவேடு, அதோடு பிளாக் வரைபடம். அரசின் இணையதளத்திலேயே வார்டு, பிளாக், நகரளவை எண் போட்டுப் பார்க்கலாம். சந்துக்குத் தனி எண் இருந்து 'சாலை' என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. தனி எண் இல்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள், பழைய வரைபடத்தில் இருந்து பிறகு விட்டுப்போனதும் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நில அளவை வரைபடங்கள் இருக்கின்றன, ஒரு நாள் ஒதுக்கிப் போய் வரலாம்.

மாநகராட்சியின் கையெழுத்து சந்திலேயே இருக்கிறது. தெருப் பெயர்ப் பலகை, விளக்குக் கம்பத்தின் எண், மெட்ரோ வாட்டர் மேன்ஹோல் மூடி, அடிபம்பு, கான்கிரீட் போட்ட வருடம். ஒவ்வொன்றையும் அளவு நாடா பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பொதுப்பணம் செலவழித்துத் தார் போட்ட இடத்தைத் தனியார் இடம் என்று அதே அலுவலகம் சொல்ல முடியாது. சொத்து வரி ரசீதிலும் வாக்காளர் அட்டையிலும் அந்தச் சந்தின் பெயர் முகவரியாக இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். செயற்கைக்கோள் படத்தில் பழைய வருடங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது, வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

வீடுகளின் பின்புறம் ஓடும் துப்புரவுச் சந்து பற்றி ஒரு வார்த்தை. யாரும் நடக்காததால் முதலில் களவு போவது அதுதான். அதன் அடியில்தான் பல இடங்களில் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. பயன்பாட்டில் இல்லை என்று யாராவது சொன்னால் மேன்ஹோல் மூடிகளை எண்ணிக் காட்டுங்கள்.

சந்து உண்மையிலேயே தனியார் நிலம்தான், ஆனால் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறோம். என்ன செய்வது?

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வழியை உரிமையாகவே, யார் தடையும் இல்லாமல், வெளிப்படையாக 20 வருடம் பயன்படுத்தினால் வழியுரிமை உண்டாகும். அரசு நிலத்தின் மேல் என்றால் 30 வருடம். இதில் ஒரு பொறி இருக்கிறது. தடை வந்து ஒரு வருடம் வரை அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தால் உங்கள் 20 வருடக் கணக்கு அறுந்துபோகும். வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிகிற 20 வருடத்தைத்தான் சட்டம் பார்க்கிறது. 'பார்க்கலாம், கட்டி முடிக்கட்டும்' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டி முடித்த பிறகு அவர்களுக்குப் பேச இடமே இருக்கவில்லை.

ராத்திரியோட ராத்திரியா சுவர் எழுப்பிட்டாங்க. இப்ப என்ன செய்யணும்?

இடிக்காதீர்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் கடப்பாரையைத் தொட்ட நிமிடத்தில் வழக்கு உங்கள் மேல் திரும்பும், வேலைக்குப் போகிற பையன்கள் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறும்.

தேதி தெரியும்படி படம், வீடியோ எடுங்கள். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதே நாளில் மண்டல அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது தரவில்லை என்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

அடுத்த படி வட சென்னை வருவாய்க் கோட்டாட்சியர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு பொது வழியில் உள்ள சட்டவிரோதத் தடையை அகற்ற நிர்வாக நடுவரான அவருக்கு அதிகாரம் தருகிறது (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133). எதிர்த்தரப்பு வந்து விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகு முடிவெடுப்பார். உரிமையியல் நீதிமன்றம் போவதென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவில், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, இரண்டு பேர் சேர்ந்தாலே பொதுத் தொல்லைக்கு எதிராக வழக்குப் போடலாம். அரசைப் பிரதிவாதியாக்க வேண்டுமானால் சாதாரணமாக இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும், அவசரம் என்றால் நீதிமன்றம் விலக்குத் தரலாம். உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்பவர்களும் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை வக்கீல் சொல்லட்டும்.

ஆட்சேபணை மனுவில் என்ன எழுதணும்? எங்களுக்கு எழுத வராது.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 'மூடக் கூடாது' என்று மட்டும் எழுதி நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனுவைவிட, என்ன கெடும் என்று எழுதிப் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டது வலுவானது. இப்படி எழுதலாம்:

'இந்தச் சந்து எங்கள் பத்திரங்களில் 1958 முதல் பொதுச் சந்தாகக் காட்டப்பட்டுள்ளது. இதன் அகலம் 12 அடி. இதில் நான்கு மேன்ஹோல்களும் மூன்று விளக்குக் கம்பங்களும் உள்ளன. தண்ணீர் லாரி கிழக்கு முனையில் நுழைந்து மேற்கு முனையில் வெளியேறுகிறது. மழைநீர் மேற்கு நோக்கி வடிகிறது. மூடப்பட்டால் 34 வீடுகளுக்கு ஒரே வழிதான் மிஞ்சும். மூடக் கோரும் விண்ணப்பம் ஏதேனும் இருந்தால் அதன் நகலை எங்களுக்குத் தந்து, எங்களை நேரில் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டுகிறோம்.'

எண்களை உங்கள் சந்தில் நடந்து எண்ணி மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணாமல் எழுத வேண்டாம். ஒரு எண் தப்பானாலும் மனு முழுவதையும் சந்தேகப்படுவார்கள்.

எங்களுக்குப் பட்டாவே இல்லை. கால்வாய் ஓரத்தில் இருக்கிறோம். நாங்கள் போய்ப் பேசினால் எங்களையே காலி பண்ணச் சொல்ல மாட்டார்களா?

இந்தப் பயத்தை வைத்துத்தான் பல சந்துகள் சத்தமில்லாமல் போயின. பொது வழியில் நடக்கும் உரிமைக்குப் பட்டா தேவையில்லை. அது அந்த வழியைப் பயன்படுத்தும் எவருக்கும் உரியது. குடியிருப்பைப் பொறுத்தவரை 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாழ்வாதார உரிமை வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. அறிவிப்பும் பேச வாய்ப்பும் கொடுக்காமல் அகற்றுவது சரியான நடைமுறை ஆகாது. இருந்தாலும் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. பத்திரம் உள்ள வீட்டுக்காரர்கள் முன்னால் நின்று கையெழுத்துப் போடட்டும், நீங்கள் தகவல் கொடுங்கள். எங்கள் சந்தில் அப்படித்தான் செய்தோம்.

சந்து முனையில் இட்லிக் கடையோ மீன் கூடையோ வைத்திருப்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டும்போது உள்ளே இருந்த தெருக்கள்?

அது வேறு விஷயம். வாரிய நிலத்துக்குள் உள்ள பாதை எல்லாமே பொதுத் தெருவாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வெளித்தெருவிலிருந்து வெளித்தெருவுக்குக் குறுக்கே போகிற வழியாக இருந்தால், புதிய வரைபடத்தில் அது எங்கே என்று இடிப்பதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் கட்டுமானத்துக்காகத் தெருவின் ஒரு பகுதியை மூட 1990-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்தின் 247-ஆவது பிரிவில் தனி ஆணை வேண்டும். வரைவு ஆணையை வெளியிட்டு, மூடப்போகும் துண்டின் இரு முனையிலும் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபணைக்கு 28 நாள் தருகிறார்கள். அந்த இரு முனை அறிவிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. செய்தித்தாள் வாங்காதவரும் தினமும் நடந்துபோகிற இடத்தில் அதைப் படித்துவிடுவார். நம் மாநகராட்சியும் இதைச் செய்யலாம், இரண்டு ஃபிளெக்ஸ் பலகைச் செலவுதான். பகுதி சபையில் இதைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன், நீங்களும் உங்கள் வார்டில் கேளுங்கள்.

நீங்க வளர்ச்சிக்கே எதிரா சார்?

இல்லை. பி அண்டு சி துணி மில் மூடிய பிறகு பெரம்பூர், பட்டாளம் பக்கம் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் போனது என்று பார்த்த தலைமுறை நாங்கள். நல்ல வீடு, நல்ல சாலை, வேலை எல்லாம் இந்தப் பக்கமும் வர வேண்டும். 2023-இல் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி அறிவித்தபோது மனசார மகிழ்ந்தேன். கிடங்கு இருந்த இடத்தில் முந்நூறு குடும்பம் வாழ்ந்தால் நல்லதுதான்.

நான் கேட்பது, கட்டடம் சந்தோடு சேர்ந்து வரட்டும் என்பது. சந்தினை 12 அடியிலிருந்து 20 அடியாக்கித் தங்கள் மனையிலிருந்து நிலம் விட்டுக் கொடுத்தால் அவர்களுடைய வீட்டுக்கும் தீயணைப்பு வண்டி வரும். வேறு வழியே இல்லை, பாதையை இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், புதிய பாதை முதலில் திறக்கட்டும், தானப் பத்திரமாக மாநகராட்சிக்குப் பதிவாகட்டும், பழையதன் அகலத்துக்குக் குறையாமல், கேட்டும் வாட்ச்மேனும் இல்லாமல் 24 மணி நேரமும் இருக்கட்டும். குழாயையும் கம்பத்தையும் அவர்கள் செலவில் மாற்றட்டும். பிறகு பழையதைப் பற்றிப் பேசலாம். 'உள்ளே நடக்க விடுகிறோம்' என்ற வாய்வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். வீடு விற்று முடிந்ததும் குடியிருப்போர் சங்கம் வரும், சங்கம் முதல் கூட்டத்தில் கேட் போடும்.

உங்க சந்து இப்ப எப்படி இருக்கு?

பதினேழு பத்திரங்களின் நகலோடு மனு கொடுத்தோம். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். தகரம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அளவு வழி திறந்திருக்கிறது. லாரி இன்னும் வரவில்லை. கோப்பு மண்டல அலுவலகத்தில் இருக்கிறது, மாதம் ஒரு முறை போய்க் கேட்கிறேன்.

பழைய பத்திரம் எலி கடிச்சிருச்சு, இருக்கிறதும் படிக்க முடியலை. பிரயோஜனம் உண்டா?

உண்டு. முதல் பக்கத்து மேல் மூலையிலோ பின்பக்க முத்திரையிலோ பத்திர எண்ணும் வருடமும் இருக்கும். அந்த இரண்டு மட்டும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகத்திலிருந்து நகல் எடுத்துவிடலாம். 1975-க்கு முந்தையது என்றால் கையால் தேடுவார்கள், சில நாள் அலைய வேண்டும். எண்ணும் தெரியவில்லை என்றால் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயரையும் சுமாரான வருடத்தையும் வைத்து அட்டவணையில் தேடலாம்.

ரொம்பப் பழைய பத்திரங்களில் அளவு தமிழ் எண்ணில் இருக்கும். ௰௨ அடி என்று இருந்தால் 12 அடி. அதை ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்துத் தட்டச்சு நகலில் விட்டுவிடுகிறார்கள், சந்தின் அகலமே காணாமல் போகிறது. தட்டச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த வரியை யாரிடமாவது காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பேன். மூலத்தைக் கொண்டுவர வேண்டாம், நகல் போதும்.